எக்ஸாஸ்ட்ல என்ன ஸ்டீம் வருது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: டர்பைன் எக்ஸாஸ்ட், அதாவது டர்பைனை சுத்த வச்சுட்டு வெளியே வர்ற ஸ்டீம். பிரஷர் தெரியும், டெம்பரேச்சர் தெரியும், ஆனா வெளியே வர்ற ஸ்டீம் உலர்ந்ததா ஈரமா, அதுல எவ்வளவு சூடு மிச்சம் இருக்கு, இதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு ஆளாளுக்கு ஒரு மாதிரி கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை வேற எதையும் எடுத்துக்கலை. கடைசி கேள்வியைத் தவிர எல்லா கணக்குக்கும் ஒரே இன்லெட் கண்டிஷனை வச்சுக்கிட்டேன், 60 பார் 500 டிகிரி, அப்பதான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும்.

கேள்வி: வணக்கம் சார். சர்க்கரை ஆலை கோஜென்ல (ஒரே ஸ்டீம்ல கரண்டும் எடுத்து ஆலைக்கு சூடும் கொடுக்கிற பிளான்ட்) ஷிப்ட் இன்ஜினியரா இருக்கேன். பேக் பிரஷர் டர்பைன் (எக்ஸாஸ்ட் ஸ்டீம் கண்டன்சருக்கு போகாம ஆலைக்கே போகும்), இன்லெட் கேஜ் 60 கேஜி, 500 டிகிரி. எக்ஸாஸ்ட் கேஜ் 2 கேஜி, டெம்பரேச்சர் 200 டிகிரி காட்டுது. எங்க மேனேஜர் "ஸ்டீம் டேபிள்ல இந்த பிரஷருக்கு 133 டிகிரிதான் போட்டிருக்கு, நமக்கு 200 வருதுன்னா டர்பைன்ல கோளாறு"ன்னு சொல்றார். அவர் சொல்றது சரியா? (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: தம்பி, உங்க மேனேஜர் பார்த்த நம்பர் சரி, எடுத்த முடிவுதான் தப்பு. 133 டிகிரிங்கிறது அந்த பிரஷர்ல தண்ணி கொதிக்கிற சூடு, அவ்வளவுதான். டர்பைனை விட்டு வர்ற ஸ்டீம் அதே சூட்டுல வந்தாகணும்னு எந்த டேபிளும் சொல்லலை.

கணக்கைப் பார்ப்போம். முதல்ல கேஜ் ரீடிங்கை அப்சல்யூட்டுக்கு மாத்தணும், இதைச் செய்யாமதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 2 கேஜின்னா (சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ) 1.96 பார், அதோட காத்தோட பிரஷர் 1.01 சேர்த்தா 2.97, நாம 3 பார்னு வச்சுக்கலாம். இன்லெட் 60 கேஜியும் இதே மாதிரி கூட்டினா கிட்டத்தட்ட 60 பார் அப்சல்யூட்லதான் வந்து நிக்கும். இன்லெட்டுல கூட்டினாலும் கூட்டலைன்னாலும் பெரிய வித்தியாசம் வராது, ஆனா எக்ஸாஸ்ட்ல 2-க்கும் 3-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

60 பார் 500 டிகிரியில எந்தால்பி (ஒரு கிலோ ஸ்டீம்ல இருக்கிற சக்தி) கிலோவுக்கு 3423 கிலோ ஜூல், எண்ட்ரோபி (டேபிள்லயே இருக்கும், நஷ்டம் இருந்தா கூடுற ஒரு அளவு) 6.883. டர்பைன் பத்துக்குப் பத்து ஐடியலா வேலை செஞ்சா எண்ட்ரோபி மாறாது, அதே 6.883-ஓட 3 பாருக்கு இறங்கும். 3 பார்ல தண்ணியோட எண்ட்ரோபி 1.672, ஆவியாகும்போது கூடுறது 5.320. அப்ப 6.883-ல இருந்து 1.672 கழிச்சு 5.320-ஆல வகுத்தா 0.979, அதாவது ஐடியல் டர்பைன்ல வர்ற ஸ்டீம்ல 2 சதவீதம் ஈரம் இருக்கும். அதோட எந்தால்பி 561 + 0.979 × 2163.5, சுமார் 2680. ஆக ஐடியலா கிடைக்க வேண்டிய இறக்கம் 3423 - 2680.5 = 742.5 கிலோ ஜூல்.

இப்ப நிஜத்துக்கு வாங்க. உங்க எக்ஸாஸ்ட் 200 டிகிரியில இருக்கு, கொதிநிலையை விட 66 டிகிரி மேல, அதனால அது சூப்பர்ஹீட்டட் ஸ்டீம், ஒரு சொட்டு தண்ணி கிடையாது. இந்த நிலைமையில பிரஷரும் டெம்பரேச்சரும் தெரிஞ்சா போதும், டேபிள்ல நேரா எடுத்துடலாம்: 3 பார், 200 டிகிரி, எந்தால்பி 2866. நிஜத்துல இறங்கினது 3423 - 2866 = 557. இதை 742.5-ஆல வகுத்தா 75 சதவீதம், இதுதான் டர்பைனோட செயல்திறன். இந்த சைஸ் மெஷினுக்கு இது குறை சொல்ற நம்பர் இல்லை.

டர்பைன் ஸ்டீம்ல இருந்து எவ்வளவு சக்தியை உருவுதோ அவ்வளவு குளிர்ந்த ஸ்டீம் வெளியே வரும், சரியா உருவலைன்னா சூடாவே வரும். இதே இன்லெட்டுல 50 சதவீதம்தான் செயல்திறன்னா எக்ஸாஸ்ட் 290 டிகிரி காட்டும். அதனால மேனேஜர் கவலைப்பட வேண்டியது 200 நாளாக நாளாக 215, 220-ன்னு ஏறுதான்னு பார்த்து. பிளேடுல உப்பு படிஞ்சாலோ சீல் தேய்ஞ்சாலோ அதுதான் நடக்கும். (பார்ட் லோடுல ஓடும்போதும் கொஞ்சம் ஏறும், அதனால ஒரே லோடுல எடுத்த ரீடிங்கைத்தான் ஒப்பிடணும்.)

இன்னொண்ணு. அவர் ஆசைப்படுற மாதிரி 133 டிகிரி, உலர்ந்த ஸ்டீம் வரணும்னா செயல்திறன் 94 சதவீதம் இருக்கணும், உங்க மாதிரி மெஷின்ல அது நடக்காத காரியம். ஒருநாள் மீட்டர் 133 காட்டினா சந்தோஷப்படாதீங்க, டீசூப்பர்ஹீட்டர் (தண்ணி தெளிச்சு ஸ்டீமை குளிர வைக்கிறது) வால்வு ஒழுகி தண்ணி தெர்மாமீட்டர் மேல படுதான்னு பாருங்க. அதே மாதிரி பிஆர்டிஎஸ் லைன் (டர்பைன் வழியா போகாம ஸ்டீமோட பிரஷரையும் சூட்டையும் குறைச்சு அனுப்புற லைன்) வந்து சேர்ற இடத்துக்கு அப்புறம் தெர்மாமீட்டர் இருந்தா நீங்க அளக்கிறது டர்பைன் எக்ஸாஸ்டே கிடையாது, ரெண்டும் கலந்த கலவை. பிஆர்டிஎஸ்ல ஸ்டீம் வேலை எதுவும் செய்யாம பிரஷர் மட்டும்தான் குறையும், எந்தால்பி அப்படியே 3423, தண்ணி அடிக்கலைன்னா 3 பார்ல அது 470 டிகிரி. அதுல கொஞ்சம் கலந்தாலே உங்க கணக்கு காலி.

கணக்கு சரியான்னு பார்க்க ஜெனரேட்டர் மீட்டரைப் பாருங்க. ஸ்டீம் மணிக்கு 50 டன் போகுதுன்னு வச்சா செகண்டுக்கு 13.9 கிலோ, அதை 557-ஆல பெருக்கினா 7,740 கிலோவாட், கியர்பாக்ஸ் ஜெனரேட்டர் நஷ்டம் ஒரு 5 சதவீதம் போனா 7.3 மெகாவாட்டை ஒட்டி வரணும். இது ரொம்ப தள்ளி இருந்தா ஃப்ளோ மீட்டர் பொய் சொல்லுது, இல்லைன்னா தெர்மாமீட்டர் பொய் சொல்லுது.

உங்க கடிதத்துல கடைசியா கரும்புச் சாறு காய்ச்சுற எவாபரேட்டருக்கு போற ஸ்டீமை குளிர வைக்க எவ்வளவு ஸ்ப்ரே தண்ணி வேணும்னு கேட்டிருந்தீங்க. 200 டிகிரி ஸ்டீமை 140-க்கு கொண்டு வரணும், தண்ணி 105 டிகிரியில வருதுன்னா, ஸ்டீம் விடுற சூடு 2866 - 2739 = 127, ஒரு கிலோ தண்ணி வாங்குற சூடு 2739 - 440 = 2299. வகுத்தா 0.055. 50 டன் ஸ்டீமுக்கு சுமார் 2.8 டன் தண்ணி. அந்த 2.8 டன்னும் ஸ்டீமா மாறி எவாபரேட்டருக்கே போயிடும், வீணாகாது.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். 60 பார் 500 டிகிரி ஸ்டீம் 0.1 பார் கண்டன்சருக்கு (ஸ்டீமை குளிர வச்சு தண்ணியாக்குற இடம்) போகுதுன்னு ஒரு கணக்கு. எனக்கு ட்ரைனஸ் (ஸ்டீம்ல உலர்ந்த பங்கு) 0.83 வருது, ஃப்ரெண்டுக்கு 0.935 வருது. ரெண்டு பேரும் டேபிள்ல சரியாதான் பார்த்தோம். யார் சரி? (மாணவி, காரைக்குடி)

பதில்: ரெண்டு பேரும் சரிம்மா, ஆனா ரெண்டு பேரும் வேற வேற டர்பைனுக்கு கணக்கு போட்டிருக்கீங்க. நீங்க எண்ட்ரோபி மாறாதுன்னு வச்சு 6.883 - 0.649, வகுத்தல் 7.500, விடை 0.831-ன்னு எடுத்திருப்பீங்க. அது நஷ்டமே இல்லாத டர்பைன். அதுல எக்ஸாஸ்ட் எந்தால்பி 2180, இறக்கம் 1243. உங்க ஃப்ரெண்டு கேள்வியில செயல்திறன் 80 சதவீதம்னு இருந்ததைப் பார்த்திருக்கணும், 1243-ல 80 சதவீதம் 994.4, எக்ஸாஸ்ட் எந்தால்பி 3423 - 994.4 = 2428.6, அதுல இருந்து 191.8 கழிச்சு 2392-ஆல வகுத்தா 0.935.

பல பேர் செய்யிற தப்பு என்னன்னா 0.831-ஐ 0.8-ஆல பெருக்குறதோ வகுக்குறதோ. செயல்திறன் எந்தால்பி இறக்கத்துக்குத்தான், ட்ரைனஸுக்கு கிடையாது. எப்பவும் எந்தால்பி வழியா போய் கடைசியில ட்ரைனஸுக்கு வாங்க.

ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா, செயல்திறன் குறைஞ்சா ஸ்டீம் இன்னும் உலர்ந்து வருது. 85 சதவீதம்னா 0.909, 80-ன்னா 0.935. அதுக்காக மோசமான டர்பைன் பிளேடுக்கு நல்லதுன்னு வைவாவுல சொல்லி வைக்காதீங்க.

கேள்வி: கோவையில ஒரு மில்லோட சொந்த பவர் பிளான்ட்ல இருக்கேன். வேக்குவம் கேஜ் 650 மில்லிமீட்டர் (பாதரசம்) காட்டுது. 760-ல கழிச்சா 110, அதுக்கு டேபிள்படி 53.5 டிகிரி. ஆனா எக்ஸாஸ்ட் ஹூட் (ஸ்டீம் டர்பைனை விட்டு கண்டன்சருக்கு போற கூடு) தெர்மோகப்பிள் 46 டிகிரிதான் காட்டுது. தெர்மோகப்பிளை மாத்தியும் பார்த்தாச்சு, அதே 46. என்ன சார் மர்மம்?

பதில்: மர்மம் எல்லாம் ஒண்ணும் இல்லை, தெர்மோகப்பிள் நல்லாத்தான் இருக்கு, பழசை தூக்கிப் போட்டுடாதீங்க. 760 மில்லிமீட்டர் கடல் மட்டத்துக்கு. கோவை கடல் மட்டத்துல இருந்து சுமார் 410 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க காத்தோட பிரஷரே 724 மில்லிமீட்டரை ஒட்டித்தான். 724-ல 650 போனா 74 மில்லிமீட்டர், அதாவது 0.099 பார், அதுக்கு கொதிநிலை 45.6 டிகிரி. உங்க தெர்மோகப்பிள் சொன்ன 46.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. சென்னையில ஒருத்தர் 690 மில்லிமீட்டர் வேக்குவம் எடுக்கிறாருன்னு கேள்விப்பட்டு நீங்களும் கோவையில 690 வரணும்னு எஜெக்டரை (கண்டன்சர்ல இருந்து காத்தை உறிஞ்சுறது) போட்டு வாட்டாதீங்க. கோவையில 690-ன்னா அப்சல்யூட் 34 மில்லிமீட்டர், கொதிநிலை 31 டிகிரி. உங்க கூலிங் வாட்டரே அந்த சூட்டுல இருக்கும்போது கண்டன்சர் எப்படி அதுக்கு கீழ போகும்? வேக்குவம் மீட்டரை விட அப்சல்யூட் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டா இந்த தலைவலியே கிடையாது.

ஓடுற கண்டன்சிங் டர்பைன்ல ஹூட் டெம்பரேச்சரும் பிரஷருக்கான கொதிநிலையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். போகலைன்னா ரெண்டுல ஒரு மீட்டர் தப்பு, இல்லைன்னா லோடு ரொம்ப கம்மி (அதை கீழே இன்னொருத்தர் கேட்டிருக்கார்).

கேள்வி: எங்க 10 மெகாவாட் கண்டன்சிங் டர்பைன்ல எக்ஸாஸ்ட் 0.1 பார், 46 டிகிரி. சர்க்கரை ஆலைக்காரங்க மாதிரி இதை வச்சு டேபிள்ல எந்தால்பி எடுக்க முடியலையே, ஏன்? அப்ப செயல்திறனை எப்படி கண்டுபிடிக்கிறது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இந்த மாசத்தோட முக்கியமான கேள்வி இதுதான். சூப்பர்ஹீட்ல பிரஷரும் டெம்பரேச்சரும் ரெண்டு தனித்தனி தகவல். ஈரமான ஸ்டீம்ல அப்படி இல்லை, 0.1 பார்னு சொன்னாலே 45.8 டிகிரின்னு தானா முடிவாயிடும், ட்ரைனஸ் 0.8-ஆ இருந்தாலும் அதே 45.8, 0.98-ஆ இருந்தாலும் அதே 45.8. ஒரே ஆளோட பேரையும் இனிஷியலையும் கேட்டுட்டு ரெண்டு பேரை விசாரிச்சேன்னு சொல்ற மாதிரி. நீங்க ரெண்டு மீட்டர் வச்சிருக்கீங்க, ஆனா கையில இருக்கிற தகவல் ஒண்ணுதான். மூணாவதா ஒண்ணு வேணும்.

காலேஜ் லேப்ல த்ராட்லிங் கலோரிமீட்டர்னு ஒண்ணு பார்த்திருப்பீங்க, ஸ்டீமை சின்ன ஓட்டை வழியா விட்டு சூப்பர்ஹீட்டாக்கி அளப்பாங்க. அது பாய்லர்ல இருந்து வர்ற லேசா ஈரமான ஸ்டீமுக்கு சரி. உங்க எக்ஸாஸ்ட் எந்தால்பி 2430 பக்கம், அதை எவ்வளவு பிரஷர் குறைச்சாலும் சூப்பர்ஹீட் ஆகாது, அதனால இங்க அது உதவாது.

அப்ப சுத்தி வளைச்சுத்தான் வரணும், அதாவது எனர்ஜி பேலன்ஸ். ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி பவர் பக்கமிருந்து. ஜெனரேட்டர் 10,000 கிலோவாட் காட்டுது, கியரும் ஜெனரேட்டரும் சேர்ந்து 95 சதவீதம்னா ஷாஃப்ட்ல 10,526. ஸ்டீம் மணிக்கு 38.1 டன், செகண்டுக்கு 10.58 கிலோ. வகுத்தா கிலோவுக்கு 994.6 கிலோ ஜூல் ஸ்டீம் கொடுத்திருக்கு. 3423-ல இருந்து கழிச்சா 2428.4, ட்ரைனஸ் 0.935. நடுவுல எக்ஸ்ட்ராக்ஷன் (பாதி வழியிலேயே ஸ்டீமை வெளியே எடுக்கிறது) இருந்தா அது ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு டன், என்ன எந்தால்பின்னு தனியா கணக்குல எடுக்கணும், க்ளாண்ட் லீக்கேஜையும் (ஷாஃப்ட் சீல் வழியா ஒழுகுற ஸ்டீம்) விட்டுடக் கூடாது, இல்லைன்னா எல்லா தப்பும் கடைசியில எக்ஸாஸ்ட் தலையிலதான் வந்து விழும்.

ரெண்டாவது வழி கண்டன்சர் பக்கமிருந்து. ஒரு கிலோ ஸ்டீம் கண்டன்சர்ல விடுற சூடு 2428.4 - 191.8, சுமார் 2237. செகண்டுக்கு 10.58 கிலோவுக்கு 23,670 கிலோவாட். கூலிங் வாட்டர் 8 டிகிரி ஏறுதுன்னா அதுக்கு மணிக்கு சுமார் 2,550 டன் தண்ணி வேணும். நீங்க இதையே தலைகீழா போடணும், தண்ணி எவ்வளவு, எத்தனை டிகிரி ஏறுதுன்னு அளந்து எந்தால்பிக்கு வரணும்.

பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனா நான் எப்பவும் முதல் வழியைத்தான் நம்புவேன், காரணம் சொல்றேன். கூலிங் வாட்டர் தெர்மாமீட்டர்ல அரை டிகிரி தப்புன்னு வச்சுக்குங்க, அரை டிகிரி எல்லாம் சர்வ சாதாரணம். 8-ல அரைன்னா 6 சதவீதம், 2237-ல 140 கிலோ ஜூல், ட்ரைனஸ்ல 0.058. அதாவது 0.935-ன்னு நினைச்சது 0.99-ஆவும் இருக்கலாம் 0.88-ஆவும் இருக்கலாம், அப்புறம் எதுக்கு அளந்தோம்? பவர் வழியில ஸ்டீம் ஃப்ளோவுல 2 சதவீதம் தப்பு இருந்தாலும் 995-ல 20 கிலோ ஜூல்தான், ட்ரைனஸ்ல 0.008. முடிஞ்சா ஸ்டீம் ஃப்ளோ மீட்டரை விட்டுட்டு கண்டன்சேட் தண்ணியை அளந்து கணக்கு போடுங்க, தண்ணியை அளக்கிறது ஸ்டீமை அளக்கிறதை விட துல்லியம், அக்செப்டன்ஸ் டெஸ்ட்டுல எல்லாம் தண்ணி ஃப்ளோவைத்தான் பெருசா நம்புவாங்க. கூலிங் வாட்டர் கணக்கை குறுக்கு விசாரணைக்கு மட்டும் வச்சுக்கலாம்.

ஈரம் எவ்வளவு வரைக்கும் இருக்க விடலாம்னும் கேட்டிருக்கீங்க. பொதுவா 12 சதவீதத்துக்கு மேல போக விடமாட்டாங்க. அதுக்கு மேல கடைசி வரிசை பிளேடோட முன்விளிம்பை தண்ணித்துளி அரிச்சுடும், அதனாலதான் பெரிய மெஷின்ல அந்த விளிம்புல ஸ்டெல்லைட்ங்கிற கடினமான உலோகப் பட்டை வைக்கிறாங்க. ஈரம் ஒரு சதவீதம் கூடினா அந்த ஸ்டேஜோட செயல்திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும்னு கார்ல் பாமன் சொன்ன விதியை இன்னைக்கும் டிசைன்ல முதல் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கிறாங்க. உங்களோடது 6.5 சதவீதம், நிம்மதியா இருங்க.

கேள்வி: ஃபேப்ரிகேஷன் கம்பெனியில டிராயிங் பார்க்கிறேன். இன்லெட் பைப் கையளவு, எக்ஸாஸ்ட் மட்டும் ஆள் நடந்து போற சைஸ். இவ்வளவு பெருசு எதுக்கு? வேக்குவத்தை இன்னும் இழுத்தா நல்லதுதானே? (வாசகி, திருச்சி)

பதில்: உள்ள போறப்ப ஒரு கிலோ ஸ்டீம் அடைச்சுக்கிற இடம் 0.0567 கன மீட்டர். 0.1 பார்ல உலர்ந்த ஸ்டீமுக்கு 14.67, நம்ம 0.935 ட்ரைனஸுக்கு 13.7. கிட்டத்தட்ட 240 மடங்கு. செகண்டுக்கு 10.58 கிலோன்னா 145 கன மீட்டர், இதை 1.6 மீட்டர் குழாய்ல விட்டாலும் வேகம் செகண்டுக்கு 72 மீட்டர். சின்னதா போட்டா அந்த குழாய்லயே பிரஷர் விழுந்து, கண்டன்சர்ல கஷ்டப்பட்டு எடுத்த வேக்குவம் டர்பைன் வாசலுக்கு வந்து சேராது. அதனால எக்ஸாஸ்ட் பிரஷர்னா டர்பைன் ஃப்ளேஞ்ச்ல அளந்தது, கண்டன்சர்ல அளந்தது இல்லை, இதை டேட்டா ஷீட்ல தெளிவா எழுதச் சொல்லுங்க.

வேக்குவம் விஷயத்துக்கு வர்றேன். கடைசி பிளேடு வரிசையில ஸ்டீம் போற வட்ட இடைவெளி 0.8 சதுர மீட்டர்னு வச்சா அங்க வேகம் சுமார் 181 மீட்டர். வேகத்தோட வர்க்கத்துல பாதி, 16.5 கிலோ ஜூல், வேலை செய்யாமலே வெளியே போயிடுது, இதுக்கு லீவிங் லாஸ்னு பேரு. 0.05 பாருக்கு இழுத்தா ஐடியலா 82 கிலோ ஜூல் கூடுதலா கிடைக்கணும், ஆனா கன அளவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகி வேகம் 340-ஐ தாண்டும், லீவிங் லாஸ் 59-க்கு ஏறிடும். லாபத்துல பாதி அங்கேயே காலி, அதுவும் போக அந்த வேகம் ஸ்டீம்ல ஒலியோட வேகத்தை நெருங்குது, அதை தொட்டுட்டா அதுக்கு மேல இழுக்கிற வேக்குவத்தால ஒரு பிரயோஜனமும் கிடையாது, பம்புக்கு கரண்ட் செலவு மட்டும்தான் மிச்சம்.

கேள்வி: ஸ்டார்ட்டப்ல வேக்குவம் நல்லா இருக்கும்போதே ஹூட் டெம்பரேச்சர் 75 டிகிரிக்கு ஏறுது. ஈரமான ஸ்டீம்னா 46தானே இருக்கணும்? (வாசகர், மேட்டூர்)

பதில்: லோடு இல்லாத நேரத்துல ஸ்டீம் ரொம்ப கம்மி, ஆனா பிளேடு அதே ஸ்பீடுல சுத்துது. கடைசி பிளேடு ஸ்டீம்ல இருந்து வேலையை வாங்கறதுக்கு பதிலா ஸ்டீமை கடைஞ்சு சூடாக்குது. அதனால அந்த நேரத்துல எக்ஸாஸ்ட் ஈரமே இல்லை, சூப்பர்ஹீட். அப்ப மட்டும் உங்க ரெண்டு மீட்டரும் ரெண்டு தகவல் கொடுக்கும், எந்தால்பியை டேபிள்ல நேராவே எடுக்கலாம். ஹூட் ஸ்ப்ரே வச்சிருக்கிறது இதுக்குத்தான், எத்தனை டிகிரியில திறக்கணும்ங்கிறதுக்கு உங்க மேனுவலைப் பாருங்க. ஸ்ப்ரே ஓடும்போது எடுத்த ஹூட் ரீடிங்கை எந்த கணக்குக்கும் எடுத்துக்காதீங்க.

கேள்வி: மோலியர் சார்ட் இன்னும் தேவையா? போன்லயே ஆப் இருக்கே.

பதில்: நம்பருக்கு ஆப் போதும், 1997-ல வந்த சர்வதேச ஃபார்முலாவை வச்சுத்தான் நல்ல ஆப் எல்லாம் ஓடுது. ஆனா ரிச்சர்ட் மோலியர் 1904-ல போட்ட அந்த எந்தால்பி எண்ட்ரோபி படத்துல ஒரு கோடு கீழே இறக்கிப் பார்த்தா, நேரா இறங்கினது ஐடியல், வலது பக்கம் சாய்ஞ்சு இறங்கினது நிஜம், எவ்வளவு சாய்ஞ்சுதோ அவ்வளவு நஷ்டம்னு ஒரே பார்வையில தெரியும். ஆப்ல தப்பா ஒரு பிரஷர் அடிச்சா அதுக்கும் அழகா நாலு தசம ஸ்தானம் வரைக்கும் விடை கொடுக்கும்.

கேள்வி: கூடங்குளத்துல ஸ்டீமுக்கு சூப்பர்ஹீட்டே கிடையாதுன்னு சொல்றாங்க. அப்ப அங்க எக்ஸாஸ்ட் தண்ணியாவே வராதா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: நல்ல சந்தேகம். அங்க ஸ்டீம் ஜெனரேட்டர்ல இருந்து வர்றது 60 பாரை ஒட்டின பிரஷர்ல, 275 டிகிரி பக்கம், சாச்சுரேட்டட் ஸ்டீம், அதாவது கொதிநிலையிலேயே இருக்கிற ஸ்டீம். அதோட எண்ட்ரோபி வெறும் 5.89. அதை அப்படியே 0.1 பாருக்கு இறக்கினா 5.89 - 0.649, வகுத்தல் 7.5, ட்ரைனஸ் 0.70, அதாவது 30 சதவீதம் தண்ணி, எந்த பிளேடும் தாங்காது. அதனால ஹை பிரஷர் சிலிண்டரை விட்டு வந்ததும் நடுவுல மாய்ஸ்சர் செப்பரேட்டர் ரீஹீட்டர்ல தண்ணியை பிரிச்சு எடுத்துட்டு, மெயின் ஸ்டீம்ல ஒரு பங்கை வச்சே சூடாக்கி, அப்புறம்தான் லோ பிரஷர் சிலிண்டருக்கு அனுப்புறாங்க. அங்க கணக்கு போடணும்னா எக்ஸாஸ்ட் ஒண்ணு இல்லை, ரெண்டு: செப்பரேட்டருக்கு முன்னாடி ஒண்ணு, கண்டன்சருக்கு முன்னாடி ஒண்ணு. முதல் இடத்துல செப்பரேட்டர்ல இருந்து வடியிற தண்ணியை அளந்தா ஈரம் எவ்வளவுன்னு ஏறத்தாழ தெரிஞ்சிடும், ரெண்டாவது இடத்துக்கு தூத்துக்குடிக்காரருக்கு சொன்ன பவர் கணக்குதான் வழி.